செயலாளர் வீட்டுக் குப்பைப் பை

“எங்க பையை மட்டும் ஏன் சார் கேட்டுல கொட்டிக் காட்டணும்? உள்ள பொம்பளைங்க சமாச்சாரம் ஆயிரம் இருக்கும், அது ஊருக்கே தெரியணுமா?”

வீட்டு வேலை செய்யும் செங்கமலம் கேட்டது இவ்வளவுதான். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ரகோத்தமன், நாட்டின் எல்லையையே காப்பவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

“பாதுகாப்புன்னா பாதுகாப்புதான். வேலைக்காரங்க வெளியே கொண்டுபோற ஒவ்வொரு பையையும் திறந்து, இருக்கறதை நோட்டுல எழுதணும். இஷ்டமில்லேன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

நாலு வீட்டுப் பிழைப்பு போய்விடும். செங்கமலம் தலையாட்டினாள்.

மறுநாள் காலை நாங்கள் பால் வாங்கக் கேட்டில் கூடியிருந்தோம். சோதனையை மேற்பார்வையிடச் செயலாளரே வந்து நின்றார். அவர் வீட்டுக் குப்பைப் பையைக் கொண்டுவந்து காவலாளி துரைக்கண்ணுவின் மேஜைமேல் வைத்தாள் செங்கமலம்.

“இதுவும் நான் வெளியே கொண்டுபோற பைதான் அண்ணே. எழுதுங்க.”

“அது குப்பைம்மா,” என்று பதறினார் செயலாளர்.

“உள்ள உங்க வெள்ளி டம்ளரை வச்சு நான் தூக்கிட்டுப் போயிட்டா சார்?”

துரைக்கண்ணு ஒவ்வொன்றாக எடுத்து, உரக்கச் சொல்லி எழுதினார். வாழைப்பூ மடல். காப்பிச் சக்கை. அடியில், செய்தித்தாளில் சுருட்டிய மைசூர்பாகு டப்பா மூன்று, காலி. சர்க்கரை மாத்திரை இரண்டு அட்டை, பிரிக்காதது.

“சுகர் எப்படி முந்நூறு ஆச்சுன்னு டாக்டர் என்னைத்தானே திட்டினார்,” என்றாள் அவர் மனைவி பத்மாசனி, பால் பாக்கெட்டோடு.

“இனிமே யார் பையையும் திறக்க வேண்டாம்ப்பா,” என்றார் செயலாளர்.

துரைக்கண்ணு இன்னொரு பொட்டலத்தை எடுத்தார்.

“அதையாவது பிரிக்காம விடுப்பா.”