பச்சை வயலின் குதிரைகள்

படைக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த பெண்மணி பொன்னங்கையார். முன்பு குதிரைவீரனாக இருந்து, கால் முறிந்தபின் வைத்தியம் கற்க அவரிடம் வந்தவன் மல்லிநாதன். நாற்பதைக் கடந்தவன். எதிலும் தயங்கி அவனுக்குப் பழக்கமில்லை.

லாயத்துக்கு அருகே தரிசாகக் கிடந்த நிலத்துக்கு அவனே வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சினான். முழங்கால் உயரத்துக்குப் புல் எழுந்தது. கடல் கடந்து வந்த குதிரைகள் விடியலிலேயே அதில் இறங்கி மேய்ந்தன. படைத்தலைவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்ததும் மின்னி என்ற வெள்ளைப் பெட்டைக்குதிரை மெலிந்தது. வயிறு தொங்கியது, ஈறு வெளுத்தது. மல்லிநாதன் குடற்புழுவுக்கான முருக்கன் விதையை அரைத்துக் கொடுத்தான். சாணத்தோடு புழுக்கள் விழுந்தன. மின்னி தேறியது. ஆனால் அடுத்த மாதமே மறுபடி படுத்துவிட்டது. கூடவே இன்னும் நான்கு குதிரைகள்.

“விதை பழசு. மூன்று மடங்காகக் கொடுக்கப்போகிறேன்” என்றான்.

“புழு சாகும். மின்னியும் சாகும்” என்றார் பொன்னங்கையார்.

“வேறென்ன செய்ய? எல்லாவற்றையும்தான் வெளியேற்றிவிட்டேனே, அம்மா! எப்படித் திரும்பி வந்தது?”

“வெளியே எங்கே போயிற்று?”

அவர் பதிலுக்குக் காத்திராமல் வயலுக்கு நடந்தார். வெயில் ஏறவில்லை. புல் நுனியெல்லாம் பனி. கீழே, ஈரத்தில் ஊறிக் கரைந்த சாணம். அவர் ஒரு புல்லைக் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“என்ன தெரிகிறது?”

“பனித்துளி.”

“எனக்கும் அவ்வளவுதான் தெரிகிறது.” பிறகு சரளை மேட்டைக் காட்டினார். உப்பு வணிகர்களின் மட்டக்குதிரைகள் அங்கே காய்ந்த வைக்கோலை மென்றுகொண்டிருந்தன. உடம்பு மினுமினுத்தது. “அவற்றுக்கு யார் மருந்து கொடுத்தார்கள்?”

மல்லிநாதன் மேட்டையும் கையிலிருந்த புல்லையும் மாறிமாறிப் பார்த்தான். புல்லைக் கீழே போட்டான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மண்வெட்டியை எடுத்துவந்து வாய்க்காலின் வாயை அடைத்தான். குதிரைகளைச் சரளை மேட்டுக்கு ஓட்டிக் கட்டினான்.

செய்தி கேட்டுப் படைத்தலைவர் ஓடிவந்தார். “கோடையில் போருக்குப் புறப்பட வேண்டும். என் குதிரைகளைக் கல்லில் கட்டச் சொன்னது யார்?”

“நான்தான்” என்றான் மல்லிநாதன். “சாணத்தில் விழும் புழு ஈரப் புல் வழியே மறுபடி வயிற்றுக்குள் போகிறது. இந்தப் புல்தான் அவற்றைத் தின்கிறது, ஐயா. இதை வளர்த்தவனும் நான்தான்.”

மருந்தைப் பழைய அளவிலேயே ஒருமுறை கொடுத்தான். மேட்டில் வைக்கோல் போட்டான். சாணத்தை நாள்தோறும் அள்ளித் தொலைவில் குவித்தான். வயல் காய்ந்து வெடித்தது. மின்னியோடு படுத்த நான்கில் ஒரு குதிரை பிழைக்கவில்லை. மற்ற மூன்றும் எழுந்தன. கோடை பிறந்தபோது மின்னி மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கியது. படைத்தலைவர் சிரித்தபடி அதன் மேல் ஏறிப் போனார்.

தூசி அடங்கும்வரை மல்லிநாதன் பார்த்து நின்றான்.

“இனிப் புழு வராதல்லவா, அம்மா?”

“வரும். குதிரை புல் தின்னும்வரை வரும்.”

“அப்படியானால் நான் கற்றது என்ன?”

“வந்தால், விதையைத் திட்டிக்கொண்டு நிற்காமல் வயலுக்கு நடக்க.”