விழாத சாம்பல்

சுருட்டு சுற்றும் பேச்சாயியின் குடிசையை இடித்துக் கிடங்கு கட்ட ஜமீன்தாருக்கு ஆசை. "இருபது வருஷம் பழசான சுருட்டு ஒன்று கொண்டா. கலெக்டர் முன்னால் ருசி பார்ப்பேன். மட்டமாக இருந்தால் நாளைக்கே காலி பண்ணு" என்றார்.

கலெக்டர் வந்த அன்று பேச்சாயி கொண்டுவந்து கொடுத்தாள். "பழஞ்சுருட்டுக்குச் சாம்பல் விரல் நீளம் நிற்கும், எசமான். ருசி தெரிஞ்சவங்க பிடிச்சா விழாது. வாயைத் திறந்தாலோ தலையை ஆட்டினாலோ விழுந்துடும்."

ஊரிலேயே பெரிய ரசிகராயிற்றே, ஜமீன்தார் அசையாமல் உட்கார்ந்து இழுத்தார். சாம்பல் வளர்ந்தது.

பேச்சாயி கலெக்டரைக் கும்பிட்டாள். "தொரை, குடிசைக்கு என் பேரில் பட்டா கொடுக்க எசமானுக்குச் சம்மதம். இல்லைன்னா இப்பவே சொல்லட்டும்."

ஜமீன்தார் கண்ணை உருட்டினார். வாய் திறக்கவில்லை.

"மௌனம் சம்மதம்" என்று கலெக்டர் பட்டா எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் ஜமீன்தாருக்கு இருமல் வந்தது. சாம்பல் விழுந்தது. குடிசை நிற்கிறது.