இடப்பக்கம்

மலைமேல் ஓர் அஸ்திவாரம் காத்துக் கிடந்தது. அடிவாரத்துத் தொழிற்சாலையில் அதற்கான அறை உருவாகிக்கொண்டிருந்தது. சாதாரண அறை அல்ல, பிரசவ அறை. சுவர், ஜன்னல், விளக்கு எல்லாவற்றையும் கீழேயே பொருத்தி, லாரியில் ஏற்றிப்போய் அஸ்திவாரத்தின்மேல் இறக்கிவிட்டால் வேலை தீர்ந்தது.

மலை ஊருக்கு அதுவரை அப்படி ஓர் இடமே கிடையாது. வலி கண்டவளை ஜீப்பில் ஏற்றி, வளைவு வளைவாகக் கீழே இறக்குவார்கள். பாதி வழியிலேயே முடிந்துபோன உயிர்கள் உண்டு. அதனால் அறைக்கு ஒரே ஓர் ஆசைதான்: குழந்தையின் முதல் அழுகையைத் தன் சுவருக்குள் கேட்டுவிட வேண்டும்.

ஒருநாள் தொழிற்சாலை மேற்பார்வையாளர் தயாளன் போன் செய்தார்.

"தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் வருது மேஸ்திரி?"

"இடப்பக்கம் சார்," என்றார் மலைமேல் அஸ்திவாரம் போட்ட மாதையன்.

"சரி, நானும் இடப்பக்கமே ஓட்டை விட்டுடறேன்."

இருவரும் யோக்கியர்கள். சொன்னபடியே செய்தார்கள்.

அறை மலையேறிய அன்று, நிறைமாதக்காரி வெள்ளச்சி புருஷனோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வலி தொடங்கியிருந்தது.

"செத்த பொறுத்துக்க தாயி, ரூம் வந்துருச்சு," என்றாள் நர்சம்மா.

கிரேன் அறையைத் தூக்கியது. அறை கீழே பார்த்ததும் பதறிப்போனது. குழாய் ஒரு மூலையில் நீட்டிக்கொண்டிருந்தது. தன் துளையோ எதிர்மூலையில் இருந்தது.

"இடப்பக்கம் என்றுதானே சொன்னார்கள்?" என்றது அறை.

"இதுதான் இடப்பக்கம். தெருவில் நின்று வாசலைப் பார்," என்றது அஸ்திவாரம்.

"நான் உள்ளே நின்றல்லவா வாசலைப் பார்த்தேன்!"

"அப்படியானால் திரும்பி உட்கார்."

"திரும்பினால் என் வாசல் பாறையில் முட்டும். யார் உள்ளே வருவார்கள்?"

கிரேன் பெருமூச்சோடு அறையை மறுபடி லாரியில் வைத்தது. "இரண்டு பேரில் ஒருவர் கொஞ்சம் வெட்டுப்பட்டால் போதும்," என்றது.

"ஒரு கீறல் இல்லை என்று முத்திரை குத்தி என்னை அனுப்பியிருக்கிறார்கள். நான் ஏன் வெட்டுப்பட வேண்டும்?" என்றது அறை.

"மழையில் நனைந்து இறுகியவன் நான். தவறு உன்னுடையது," என்றது அஸ்திவாரம்.

மாதையனும் தயாளனும் போனில் இதையே கத்திக்கொண்டிருந்தார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வெயில் உச்சிக்கு ஏறி, மேற்கே சாய்ந்தது. சண்டை மட்டும் சாயவில்லை.

வெள்ளச்சிக்குப் பனிக்குடம் உடைந்தது.

"கூரையுமில்லாம தண்ணியுமில்லாம நான் என்னத்தப் பாக்கறது? ஜீப்பக் கூப்பிடுங்க!" என்று நர்சம்மா அலறினாள்.

ஜீப்பில் ஏற்றும்போது வெள்ளச்சி லாரிமேலிருந்த அறையை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை அறையால் தாங்க முடியவில்லை.

பொழுது சாய்ந்து ஜீப் திரும்பி வந்தது. "தாய் பிழைத்துக்கொண்டாள்," என்றது.

"குழந்தை?" என்று கேட்டது அறை.

"அழவே இல்லை."

"என் தரையை வெட்டுங்கள்," என்றது அறை. "வேண்டாம், என்னை வெட்டுங்கள்," என்றது அஸ்திவாரம். மாதையன் போனைக் கீழே வைத்துவிட்டு, வெட்டும் இயந்திரத்தை எடுத்தார்.

வெட்டி முடிக்க, சண்டை போட்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.