மருதாசலத்தின் நீலப் புள்ளி

பஸ் ஸ்பிரிங்கைக் கோத்துப் பிடிக்கிற போல்ட், உலைக்குள் போகும்போதும் கருப்பு, வெளியே வரும்போதும் கருப்பு. அருகருகே வைத்தால் எது வெந்தது, எது வேகாதது என்று செய்தவனுக்கே தெரியாது. அதனால் கணபதிப் பகுதியில் இருந்த அந்த ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில், உலையில் வெந்து இறுகிய ஒவ்வொரு போல்டின் தலையிலும் ஒரு பெயிண்ட் புள்ளி வைப்பார்கள். சோதித்துப் புள்ளி வைக்கிற ஒவ்வொருவருக்கும் தனி நிறம் உண்டு. கலாமணியின் நிறம் மஞ்சள்.

கலாமணிக்கு முப்பத்தொரு வயது. அவளிடம் வேலை கற்க வந்த மருதாசலத்துக்கு ஐம்பத்தாறு. தனியார் பஸ் ஷெட் ஒன்றில் இருபது வருஷம் ஸ்பிரிங் மாட்டியவர். ஏழு மாதமாக அவர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எனக்கு எப்பங்க அம்மிணி நிறம்?”

“உலையப் பாருங்கண்ணா.”

ஒரு திங்கட்கிழமை காலை அவளே ஒரு சின்ன டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நீலம்.

அன்றைக்கு ஐந்து தட்டு, தட்டுக்கு நாற்பது போல்ட். முறைப்படி தட்டுக்கு இரண்டை எடுத்து மெஷினில் வைத்துக் கடினம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. இருநூறு தலையிலும் நீலம் வைத்தார். ஒரு புள்ளிகூட வழியவில்லை. பெட்டிகளில் அடுக்கி மூடினார். வாசலில் வேன் வந்து நின்றது.

தள்ளுவண்டியை நகர்த்தியபோது அதன் அடியில் ஒரு போல்ட் கிடந்தது. தலையில் புள்ளி இல்லை.

அரத்தை எடுத்து அதன் ஓரத்தில் ஓட்டினார். அரம் கடிக்கவில்லை. கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. உலை பார்த்த போல்ட்.

 வெந்தது ஒன்று கீழே கிடந்தும் பெட்டிகளில் இருநூறும் இருக்கிறது என்றால், அதன் இடத்தில் வேகாத வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. போய், உலைக்குக் காத்திருந்த தட்டை எண்ணினார். நாற்பது இருக்க வேண்டியதில் முப்பத்தொன்பது.

அந்த ஒரு போல்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அவர் அதைக் கலாமணியின் மேசைமேல் வைத்தார்.

“தட்டுக்கு ரெண்டு பாத்தாப் போதும்னுதானுங்க சொன்னீங்க? நானும் பாத்தனுங்க அம்மிணி.”

“பாத்தீங்க.”

“அப்புறம் இது எப்படீங்க?”

அவள் எழுந்து வந்து ஒரு பெட்டியைத் திறந்தாள். தன் மஞ்சள் டின்னில் பிரஷைத் தோய்த்தாள்.

“வேன் நிக்குதுங்கண்ணா. உங்க நீலத்து மேல நான் மஞ்சள் வெச்சுடறன். நாளைக்கு ஏதாச்சும்னா என்னையத்தான கேப்பாங்க.”

பிரஷ் முதல் போல்டை நெருங்கியது. மருதாசலம் குறுக்கே கையை நீட்டினார். மஞ்சள் அவர் புறங்கையில் விழுந்தது.

“மஞ்சள் வெச்சா அது இறுகிக்குமுங்களா அம்மிணி?”

கலாமணி டின்னை மூடினாள்.

அவர் எல்லாப் பெட்டிகளையும் பிரித்தார். அரத்தோடு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் ஓட்டி, அந்தப் பக்கம் வைத்தார். வேன் டிரைவர் ரங்கராசு உள்ளே எட்டிப் பார்த்தான்.

“ஏனுங்ணா, இருநூறு பேத்துக்கும் நகம் சீவி உடறீங்களா? அப்படியே மருதாணியும் வெச்சு உடுங்க!”

“உக்காரப்பா. இது முடியாம உன்ற வண்டி நகராது.”

ஷெட்டில் இருந்த காலத்தில், போல்ட் தேய்ந்து கழன்று ரோட்டோரம் சாய்ந்து கிடந்த ஒரு பஸ்ஸை அவர் இழுத்து வந்திருக்கிறார். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

ஐம்பது. நூறு. சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ரங்கராசு டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தான். அது ஆறிப்போனது.

நூற்றுமுப்பத்தேழாவது போல்டில் அரம் நறுக்கென்று கடித்தது. பளபளவென்று பொடி உதிர்ந்தது. தலையில், வட்டம் பிசகாமல், நீலப் புள்ளி.

“அட, சிக்கிருச்சு!” ரங்கராசு துள்ளி எழுந்தான். “பொட்டிய மூடுங்ணா, நான் ஏத்தறன்.”

மருதாசலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். கலாமணி வந்து நின்றாள். அந்த போல்டை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு, இந்தப் பக்கம் இன்னும் தொடாமல் கிடந்த அறுபத்துமூன்றையும் பார்த்தாள்.

“மாறுனது ஒண்ணுதானுங்க. அந்த ஒண்ணும் கெடச்சிருச்சு. மிச்சத்தையும் பாக்கோணுங்களா அம்மிணி?”

“அந்தப் புள்ளி என்னங்கண்ணா சொல்லுது? ‘கெட்டது கெடச்சிருச்சு’ன்னுங்களா, ‘இது நல்லது’ன்னுங்களா?”

மருதாசலம் மறுபடி உட்கார்ந்தார்.