நூற்றிரண்டு வயதுக்காரரின் அதிர்ஷ்டம்

ஆற்றங்கரை மடத்துச் சீடர்களில் வயதில் மூத்தவர் தாண்டவராயர். குரு உலகம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணே" என்பார்.

இன்னும் ஒன்பது நாளில் தாண்டவராயருக்கு நாற்பத்தெட்டு பிறக்கிறது. அவருடைய அப்பா நாற்பத்தெட்டில் போனார். பெரிய அண்ணன் நாற்பத்தெட்டில் போனார். சின்ன அண்ணனும் அந்த வயதைத் தாண்டவில்லை. மடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் பேசுவதில்லை.

அன்று காலை படித்துறைப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. தாண்டவராயர் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். விசாரித்துவிட்டு, விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினார். உலகம்மை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சடையப்பர்னு ஒருத்தர் வந்திருக்கார். நூத்திரண்டு வயசு. கண்ணு தெரியுதாம், காது கேக்குதாம். அக்கரைக் கோயிலுக்குப் போறார். மூணு நாளா ஓடின வெள்ளம் இப்பத்தான் வடியுது, உச்சிக்குத்தான் படகு எடுப்பாங்களாம். அதுக்குள்ள ஒரு கேள்வி கேட்டுட்டு வந்துடறேன்."

"என்ன கேள்வி?"

"எப்படி இத்தனை வருஷம் இருந்தீங்கன்னு."

"போய்ட்டு வாங்க அண்ணே."

படித்துறையில் ஊரே கூடியிருந்தது. கிழவரின் கை தங்கள் பிள்ளைகளின் தலையில் படவேண்டும் என்று தாய்மார்கள் முண்டியடித்தார்கள். எழுபது வயது மகன் அப்பாவுக்குக் குடை பிடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார். தாண்டவராயர் எப்படியோ நுழைந்து கிழவரின் காலடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, என்ன சாப்பிடறீங்க?"

"குடுக்கறதை."

"எப்ப எழுந்திருப்பீங்க?"

"முழிப்பு வந்தா."

கூட்டம் சிரித்தது. தாண்டவராயர் விடவில்லை. "அப்ப ரகசியம்தான் என்ன?"

"அதிர்ஷ்டம்தான் தம்பி. வேற ஒண்ணுமில்ல. ஆறு வயசுல கிணத்துல விழுந்தேன், பிழைச்சேன். பஞ்சத்துல எங்க வீட்டுல ஏழு உருப்படி, நான் ஒருத்தன் மிஞ்சினேன். காலரா வந்தப்ப இந்தப் பக்கத்து வீடு காலி, அந்தப் பக்கத்து வீடு காலி, நான் இருந்தேன். ஒரு தடவை மாடு முட்டிச்சு. கொம்பு ஒரு விரக்கடை தள்ளிப் பாஞ்சுது."

பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன கதை. எங்கே நிறுத்தினால் கூட்டம் வாய் பிளக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தாண்டவராயர் மூச்சிரைக்க மடத்துக்குத் திரும்பினார்.

"கெடைச்சிடுச்சு அம்மா. பத்தியமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாம் அதிர்ஷ்டம். அமைஞ்சா இருப்போம். இல்லேன்னா..." குரல் கொஞ்சம் இறங்கியது. கிழவர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

உலகம்மை பூசணி விதைகளை முறத்தில் வழித்துப் போட்டார். "கிணத்துல விழுந்தவர் எப்படி மேல வந்தார்?"

"அதான் சொன்னேனே அம்மா, அதிர்ஷ்டம்."

"அது எந்தப் பக்கமா இறங்கி வந்து அவரைத் தூக்குச்சு?"

தாண்டவராயர் விழித்தார். "கேக்கலையே."

"இன்னும் உச்சி ஆகல அண்ணே."

மறுபடியும் ஓட்டம். அவர் போய்ச் சேர்ந்தபோது படகு கரையை விட்டிருந்தது. வெள்ளம் மறுபடி ஏறுவதற்குள் போய்விடலாம் என்று முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். தாண்டவராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு வந்தபிறகு படகின் விளிம்பு கைக்கு எட்டியது. தொற்றி ஏறினார்.

"ஏறுனது ஏறிட்டீங்க, அசையாம உக்காருங்க சாமி" என்றார் படகோட்டி இருளப்பன். அவர் கண் தண்ணீரிலேயே இருந்தது.

தாண்டவராயர் ஈரத்தோடு கிழவரின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். "ஐயா, கிணத்துலேர்ந்து உங்களை யார் தூக்குனா?"

கிழவர் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தார். அது வரவில்லை. இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"பொன்னாத்தா" என்றார் மெல்ல. "தண்ணி எடுக்க வந்தவ. அவளுக்கு நீச்சல் தெரியாது தம்பி. அப்படியே குதிச்சா. படிக்கல்லை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு என்னைத் தோள்ல தூக்கி வச்சிருந்தா, கயிறு வர்ற வரைக்கும்."

"காலராவுல?"

"வேம்புலி. எதிர் வீடு. ராவோட ராவா என்னை ஊருக்கு வெளிய காட்டுக் குடிசைக்குக் கூட்டிட்டுப் போனான். தினம் சுடுதண்ணி கொண்டு வந்து வரப்புல வச்சுட்டுப் போவான்." கிழவரின் குரல் உயர்ந்தது. மகன் வியந்து திரும்பிப் பார்த்தார். "மாடு பாயறப்ப வாலைப் பிடிச்சு இழுத்தவன் பேரு மாயாண்டி. இழுத்த இழுப்புல அவன் விரல் ஒண்ணு போச்சு. அதான் கொம்பு தள்ளிப் போச்சு. அடடா, இத்தனை பேரையும் இத்தனை வருஷமா ஒரே பேருல கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேனே."

"பஞ்சத்துல?"

கிழவரின் குரல் தாழ்ந்தது.

"அக்கா. வள்ளி. கஞ்சி வர்றப்பல்லாம் எனக்குப் பசிக்கலடா, நீ குடின்னா. பதினோரு நாள் பசிக்கலன்னு சொன்னா. பன்னெண்டாம் நாள் எழுந்திரிக்கல."

"அவங்களுக்குக் குடுக்க யாரும் இல்லையா?"

"எனக்கு அவ இருந்தா. அவளுக்கு யாரும் இல்ல தம்பி."

அப்போதுதான் படகின் மேல் என்னவோ மோதியது. வெள்ளத்தில் அடித்து வந்த மரக்கட்டை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. மகன் கையிலிருந்த குடை பறந்தது. கிழவர் ஒரு துணி மூட்டைபோல விளிம்பைத் தாண்டிச் சரிந்தார். தாண்டவராயர் பாய்ந்து அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தார். இருவருடைய தலையும் தண்ணீருக்குள் போனது. இருளப்பன் கழியைப் போட்டுவிட்டுத் தாண்டவராயரின் கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். தண்ணீர் இழுத்தது. இவர்கள் இழுத்தார்கள். கிழவர் இருமிக்கொண்டே படகுக்குள் வந்து விழுந்தார்.

அக்கரையில் இக்கரையைவிடப் பெரிய கூட்டம். மகன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அப்பாவோட அதிர்ஷ்டத்தைப் பாருங்க. ஆறே விட்டுடுச்சு."

கிழவர் கையை உயர்த்தினார். "இரு. தம்பி, உன் பேரு என்ன?"

"தாண்டவராயன்."

கிழவர் மனதில் இருத்திக்கொள்வதுபோல இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு படகோட்டியைத் திரும்பிப் பார்த்து, "உன் பேரு?" என்றார்.

திரும்பும் படகில் தாண்டவராயரால் உட்காரவே முடியவில்லை. கரை தட்டுவதற்கு முன்பே குதித்து, சொட்டச் சொட்ட அடுக்களைக்குள் வந்து நின்றார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். பொன்னாத்தா, வேம்புலி, மாயாண்டி, வள்ளி, கட்டை, தண்ணீர், இருளப்பன்.

"அப்ப அதிர்ஷ்டம்னு ஒண்ணு இல்லவே இல்லையா அம்மா?"

உலகம்மை அவரிடம் ஒரு துண்டை நீட்டினார். "கட்டை யார் சொல்லி வந்துச்சு?"

"யாரும் சொல்லல. தானா வந்துச்சு."

"இன்னும் வேகமா வந்திருந்தா?"

"படகே கவுந்திருக்கும். யாரும் மிஞ்சியிருக்க மாட்டோம்."

"அது இருக்கத்தான் இருக்கு அண்ணே."

தாண்டவராயர் தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். "எங்க அண்ணனுங்க ரெண்டு பேரையும் நாங்க விடல அம்மா. ராப்பகலா பக்கத்துலயே இருந்தோம். பிடிச்ச கையை விடவே இல்ல."

"தெரியும்."

"அப்ப நான்? இன்னும் ஒன்பது நாள்ல எனக்கு..."

உலகம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணிக்குள்ள அவர் இடுப்பைப் பிடிச்சிருந்தீங்களே, அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

தாண்டவராயர் பதில் சொல்ல வாயெடுத்தார். "வயசா? அந்த நேரத்துல அது ஞாபகமே இல்ல அம்மா." துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, பாதியில் விட்ட முற்றத்தைப் பெருக்க விளக்குமாற்றைத் தேடிப் போனார்.