முதலாளிக்குச் சமமான ஆள்

சிரிக்க வைக்கிறேன், அது சத்தியம். ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் மரியபுஷ்பத்தின் வேலை போகவிருந்த கதையைக் கேளுங்கள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயரைச் செருகி லைன் கொடுப்பவள் அவள். ஆலை முதலாளி கோமதிநாயகமோ, அந்தஸ்துக்காகவே மேசையில் இரண்டு போன் வைத்திருப்பவர். அன்றைக்கு இடக்கைப் போனில் உறுமினார்.

"ஏட்டி புஷ்பம், குமாஸ்தாப் பயலுககூட எல்லாம் என்னைப் பேச விடுதியா? எனக்குச் சமமான ஆள் ஒருத்தனை உடனே பிடி. இல்லேன்னா இன்னைக்கே உன் வேலை காலி!"

"சமமான ஆள்தானே? இந்தா தாரேன் மொதலாளி."

புஷ்பம் அவருடைய ஒரு லைனின் ஒயரை எடுத்து, அவருடைய இன்னொரு லைனிலேயே செருகினாள். வலப்பக்கப் போன் அலறியது. முதலாளி இடக்கைப் போனை வைக்காமலே அதையும் எடுத்து மறுகாதில் வைத்துக்கொண்டார்.

"யாருல அது?" என்றார். காதிலும் அதே அதட்டல்: "யாருல அது?"

"என்னை மாதிரியே பேசிக் காட்டுதியா? உன்னைத் தொலைச்சிருவேன்!"

அந்தப் பக்கமும் தொலைச்சிருவேன் என்றது. முதலாளி தன்னை அறியாமலே எழுந்து நின்றார். இவ்வளவு திமிராக மிரட்டுகிறவன் பெரிய இடத்து ஆளாகத்தான் இருப்பான்!

"வைல போனை!" என்று கடைசியாகக் கத்தினார். அந்த அதட்டலுக்குப் பயந்து அவருடைய வலக்கையே போனை வைத்துவிட்டது.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த புஷ்பம், "சமமான ஆள்தானே மொதலாளி?" என்றாள்.

முதலாளி தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடக்கைப் போனில் ஒரு சின்னக் குரல்:

"ஏ தாயி... இப்போ பயந்துபோய் போனை வச்சது நான்தானோ?"