அம்மாவின் சுனை

குருவுக்கு வயது குறைவு. லோர்னா என்று பெயர். அவளிடம் படம் வரையக் கற்றுக்கொண்ட மேவிஸ், அவளுடைய கூடப்பிறந்த அக்கா. அறுபதைத் தாண்டியவள்.

ஆஸ்திரேலியாவின் செம்மண் பாலையில் அவர்கள் அம்மாவுக்கென்று ஒரு சுனை இருந்தது. மூதாதையர் நடந்துவந்து தங்கிய இடம். அதை வரையத் தெரிந்தவர்தான் அதற்கு உரியவர் என்பது அங்கே வழக்கம். ஆனால் பழங்குடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தெடுத்த அந்தக் காலத்தில், மேவிஸை ஐந்து வயதில் அரசாங்கத்து ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்க் கடலோரத்தில் ஒரு விடுதியில் வளர்த்தார்கள். பாவி மனுஷர்கள்! அவள் திரும்பி வருவதற்குள் அம்மா கண்ணை மூடிவிட்டாள். அம்மாவிடமே வளர்ந்த லோர்னாவுக்குத்தான் சுனையை வரையத் தெரியும்.

மேவிஸ் சுனையை வரைந்தாள். நல்ல கைதான். லோர்னா பார்த்துவிட்டு, "இது இல்ல அக்கா" என்றாள். மறுபடி வரைந்தாள்.

"இதுவும் இல்ல."

ஒருநாள் மேவிஸ் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தாள்.

"நான் இந்த மண்ணுக்கு ஆகாதவளா? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டி!"

லோர்னா கோபித்துக்கொள்ளவில்லை. படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேலே நீல வானம், நடுவில் குன்று, அதன் அடியில் பொட்டு மாதிரி சுனை. அந்த ஊரில் யாரும் இப்படி வரைவதில்லை. துணியைத் தரையில் விரித்து, சுற்றி உட்கார்ந்து வரைவார்கள். சுனை பெரிய வட்டமாக வரும். வானத்துக்கு அதில் இடமே கிடையாது.

"எங்க இருந்து பாக்கறே அக்கா?"

"எங்க இருந்தா என்ன? சுனை அப்படித்தான் இருந்துச்சு."

"இவ்வளவு சின்னதாவா?"

"சின்னதாத்தான் ஆச்சு. போகப் போகச் சின்னதாகி…" மேவிஸ் படத்திலிருந்த பொட்டைத் தொட்டாள். "என்னைக் கொண்டுபோன வண்டியோட பின்கண்ணாடி வழியா பாத்தேன். அம்மா ஓடி வந்தா. அப்புறம் புழுதி மறைச்சிருச்சு."

லோர்னாவுக்கும் அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளாமல் அழுதாள். பிறகு படத்தை ஓரமாக வைத்துவிட்டு, மணலைக் கையால் நிரவி, விரலால் ஒரு வட்டம் போட்டாள். அது சுனை. அதன் கரையில் சின்னதாக ஒரு வளைவு போட்டாள். மணலில் ஆள் உட்கார்ந்து எழுந்தால் பதிகிற தடம் அப்படித்தான் இருக்கும்.

"இது அம்மா."

மேவிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவுக்குப் பக்கத்தில் மணலைத் தொட்டுக் கேட்டாள்.

"நான் எங்கடி?"

"நீ இன்னும் அந்த வண்டியிலயே இருக்கே. இறங்கி வா அக்கா."